யு.பி.எஸ். மக்கர் செய்தால்: மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்

பில் போடும் கம்ப்யூட்டர் இல்லாத மளிகைக் கடை இப்போது குறைவு. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, அதுவரை கைப்பில் புத்தகத்தோடு இருந்தவர்களில் பலரும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு சின்ன தெர்மல் பிரிண்டர், கூடவே ஒரு யு.பி.எஸ். என்று வாங்கி வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் பில் போடுவது எப்படி என்று சாஃப்ட்வேர் கொடுத்தவர் இரண்டு நாள் வந்து சொல்லிக் கொடுத்தார். யு.பி.எஸ். பற்றி எவரும் எதுவும் சொன்னதில்லை. பெரும்பாலான கடைகளில் அது மேஜைக்கு அடியில் தள்ளப்பட்டு, மேலே பழைய பில் கட்டும் கோணிச் சாக்கும் ஏறி, ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. அது கூவத் தொடங்கும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது.

கூவியவுடன் மெக்கானிக்குக்குப் போன் போகிறது. அவர் வந்து பார்த்து, "போர்டு போய்விட்டது" என்கிறார். அல்லது "புதுசு வாங்கிவிடுங்கள்" என்கிறார். கடையில் கூட்டம் நிற்கிற நேரத்தில் அவரோடு வாதாட முடிவதில்லை. கேட்ட பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மெக்கானிக்குகள் எல்லாரையும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்தவரையில், கடைகளில் "யு.பி.எஸ். கெட்டுவிட்டது" என்று சொல்லப்படுபவற்றில் முக்கால்வாசி, யு.பி.எஸ். கெட்டதால் வந்தவை அல்ல. உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும். அல்லது தாங்க முடியாத லோடு ஏற்றியிருப்பார்கள். அல்லது கடையின் ஒயரிங்கில் கோளாறு இருக்கும். இந்த மூன்றையும் கடைக்காரரே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம்.

நான் பள்ளிப் படிப்போடு பருப்பு மண்டிக்கு வந்தவன். எலக்ட்ரிகல் படித்தவன் அல்ல. ஆனால் மண்டியில் பல ஆண்டுகளாக மூன்று யு.பி.எஸ்., ஒரு இன்வெர்ட்டர், ஒரு ஜெனரேட்டர் என்று கட்டி மேய்த்து வருகிறேன். சரக்கு எடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்களும் இது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

எதற்காக இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். கரண்ட் போனால் விளக்கு அணைவது பெரிய நஷ்டம் அல்ல. பில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தால், கணக்கு எழுதி வைத்திருக்கும் கோப்பே சிதைந்து போகக்கூடும். ரொக்க வியாபாரம் கல்லாவில் இருக்கிறது; எண்ணிக்கொள்ளலாம். கடனுக்குக் கொடுத்த சரக்கு கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கிறது. ஒரு வாரப் பற்று காணாமல் போய்விட்டால், வாடிக்கையாளரிடமே போய் "உங்கள் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? மாதந்தோறும் கணக்குக் கொடுப்பவர்கள் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தை ஏற்றியாக வேண்டும். 10ஆம் தேதி இரவு கோப்பு திறக்கவில்லை என்றால் ஆடிட்டரும் கை விரித்துவிடுவார். யு.பி.எஸ். நல்ல நிலையில் இருந்தாலும் தினமும் கடை அடைக்கும்போது கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது அவசியம். அது தனி விஷயம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

ஒரு சார்ஜர், ஒரு பேட்டரி, பேட்டரி கரண்டை 230 வோல்ட்டாக மாற்றும் ஒரு சர்க்கியூட், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிவிடும் ஒரு ரிலே. நம் கடைகளில் உள்ள சாதாரண யு.பி.எஸ்.ஸில் இவ்வளவுதான். கரண்ட் இருக்கும்போது அது நேரே கம்ப்யூட்டருக்குப் போகிறது. பேட்டரியும் சார்ஜ் ஆகிறது. கரண்ட் போனதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் ரிலே பேட்டரிப் பக்கம் தாவுகிறது.

600 வி.ஏ. என்று எழுதியிருக்கும் பெட்டியைத்தான் பெரும்பாலோர் வைத்திருக்கிறோம். 600 என்றவுடன் 600 வாட் இழுக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் அது 360 வாட்தான். பின்பக்கச் சீட்டில் பொடி எழுத்தில் இருக்கும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் சீல்டு பேட்டரி ஒன்று. செங்கல்லில் பாதி அளவு. அதை வைத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர், மானிட்டர், தெர்மல் பிரிண்டர் ஆகியவற்றை, பேட்டரி புதிதாக இருக்கும்போது, கால் மணி முதல் இருபது நிமிடம் வரை ஓட்டலாம். போட்டுக்கொண்டிருக்கும் பில்லை முடித்து, கணக்கைச் சேமித்து, ஒழுங்காக அணைப்பதற்குத்தான் அந்த நேரம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகலெல்லாம் நிறுத்தும் நாளில் இதை வைத்துக் கடை நடத்த முடியாது. அதற்கு இன்வெர்ட்டர் வேண்டும்.

கரண்ட் போனால் உடனே அணைகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். "புது பேட்டரி போட்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை, அண்ணாச்சி. கரண்ட் போனா ரெண்டு நிமிஷம் தாங்க மாட்டேங்குது" என்று ஒரு கடைக்காரர் வந்தார். மூன்று ஆண்டில் மூன்று பேட்டரி மாற்றிவிட்டார். கம்பெனியை மாற்றிப் பார்த்தார். கடைசியில் சார்ஜர் போர்டு பழுது என்று ஒருவர் சொல்ல, அதையும் மாற்றினார். மறுபடியும் அதே கதை.

அவரிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "தம்பி, ராத்திரி கடை அடைக்கும்போது என்ன செய்வீங்க?"

"கம்ப்யூட்டரை அணைச்சிட்டு, மெயினை இறக்கிட்டு, ஷட்டரை இழுத்துடுவேன்."

கோளாறு அங்கேதான் இருந்தது. ராத்திரி மெயினை இறக்குவது நம் கடைகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பழக்கம். தீ விபத்துக்குப் பயந்து நம் பெரியவர்கள் ஏற்படுத்தியது; நல்ல பழக்கமும்கூட. ஆனால் யு.பி.எஸ். என்ன செய்யும் என்று பாருங்கள். மெயினை இறக்கியதும் கரண்ட் போய்விட்டது என்று அது நினைத்துக்கொள்ளும். உடனே பேட்டரிக்கு மாறும். கம்ப்யூட்டரை அணைத்திருந்தாலும் இன்டர்நெட் மோடம் யு.பி.எஸ்.ஸில்தான் செருகியிருக்கும். மானிட்டரில் சிவப்பு விளக்கு எரியும். எதுவுமே இல்லாவிட்டாலும் யு.பி.எஸ். தனக்கென்று கொஞ்சம் கரண்ட் தின்னும். ஆள் இல்லாத கடைக்குள் ராத்திரி முழுவதும் கூவிக் கூவி, விடிவதற்குள் பேட்டரி அடிவரை வற்றிவிடும். காலையில் மெயினைப் போட்ட பிறகுதான் மறுபடி சார்ஜ் ஏறத் தொடங்கும். வற்றிய பேட்டரி முழுதாக ஏற 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். காலை வியாபாரம் சூடு பிடிக்கும் 7 மணிக்குக் கரண்ட் போனால் பேட்டரியில் என்ன இருக்கும்?

இப்படித் தினமும் வற்றினால் பேட்டரி சாகும். ஈயத் தட்டுகள் உள்ள பேட்டரி எதுவாக இருந்தாலும், வற்றிய நிலையில் கிடந்தால் தட்டுகளின் மேல் வெள்ளைப் படிவு இறுகிவிடும். இறுகிய படிவு பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டு பயனற்றுப் போகும். மூன்று ஆண்டு வர வேண்டிய பேட்டரி பத்து மாதத்தில் போய்விடும். பேட்டரி விற்றவரைத் திட்டி என்ன பயன்?

செலவில்லாத வழி, அணைக்கும் வரிசையைச் சரிசெய்வது. முதலில் கம்ப்யூட்டரை முறைப்படி அணையுங்கள். பிறகு யு.பி.எஸ். முகப்பில் உள்ள பொத்தானை அழுத்தி, விளக்கு அணையும்வரை பிடித்து யு.பி.எஸ்.ஸை நிறுத்துங்கள். அதன் பிறகு மெயினை இறக்குங்கள். கடை அடைக்கும் பொறுப்பைப் பையன்களிடம் விட்டிருந்தால் இந்த வரிசையை ஒரு அட்டையில் எழுதி மெயின் போர்டு பக்கத்தில் ஒட்டிவிடலாம்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பால், ஐஸ்கிரீம் விற்கும் கடைகளில் ஃப்ரீசருக்கு ராத்திரியும் கரண்ட் போகும்படி தனி லைன் இருக்கிறது அல்லவா? அதேபோல் யு.பி.எஸ்.ஸுக்கும் தனி எம்.சி.பி. போட்டு ஒரு லைன் இழுத்துவிட்டால், மற்ற மெயினை இறக்கினாலும் பேட்டரி ராத்திரி முழுவதும் சார்ஜில் இருக்கும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. பல மாடல்களில் பொத்தானை அணைத்து வைத்தாலும் பிளக்கில் கரண்ட் இருந்தால் சார்ஜ் ஏறும். வாங்கிய கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மேற்படி கடைக்காரர் தனி லைன் இழுத்தார். நான்காவது பேட்டரி இரண்டரை ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது.

குலதெய்வக் கோயில், வீட்டுக் கல்யாணம் என்று பத்து நாள் கடை அடைப்பதாக இருந்தால் முதல் நாள் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பொத்தானை அணைத்துவிட்டுப் போங்கள். புது யு.பி.எஸ். வாங்கிக் கோடவுனில் மாதக்கணக்கில் வைத்திருந்து, கடைத் திறப்பு விழா அன்று எடுத்து மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அட்டைப் பெட்டிக்குள்ளேயே பேட்டரி தானாக இறங்கிக்கொண்டிருக்கும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒரு நாள் சார்ஜில் போட வேண்டும்.

பேட்டரியா, பெட்டியா?

பேட்டரி போனதா, பெட்டி போனதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு 60 வாட் குண்டு பல்பை யு.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள். எட்டு மணி நேரம் சார்ஜ் ஏறிய பிறகு, யு.பி.எஸ். செருகியிருக்கும் சுவர் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் எர்த்தும் போய்விடும். பல்பு எத்தனை நிமிடம் எரிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். புது பேட்டரியில் அரை மணி நேரமாவது எரியும். ஐந்து நிமிடத்தில் கூவி அணைந்தால் பேட்டரி முடிந்தது. சுவிட்சை அணைத்த அந்த நொடியே சத்தமே இல்லாமல் பல்பு அணைந்தால், பேட்டரி ஒயர் கழன்றிருக்கலாம், பேட்டரி அடியோடு செத்திருக்கலாம், அல்லது உள்ளே சர்க்கியூட் போயிருக்கலாம். நல்ல பேட்டரி ஒன்றை மாட்டிப் பார்த்தும் அதே நிலை என்றால்தான் போர்டு. மெக்கானிக்கிடம் "முதலில் வேறு பேட்டரி வைத்துக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். நேர்மையானவர் மறுக்க மாட்டார்.

மாதம் ஒருமுறை, அமாவாசை அன்று என்று வைத்துக்கொண்டாலும் சரி, இந்த பல்பு சோதனையைச் செய்து நிமிடத்தைக் காலண்டரில் எழுதி வாருங்கள். இருபது நிமிடம் பதினைந்தாகி, பதினைந்து எட்டாகும்போது, கரண்ட் போவதற்கு முன்பே பேட்டரி வாங்கிவிடலாம்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் வோல்ட் பார்ப்பார்கள். முழுதாகச் சார்ஜ் ஏறி, கழற்றி வைத்து சில மணி நேரம் ஆன நல்ல பேட்டரி 12.8 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். ஆனால் இந்த அளவை மட்டும் நம்பிவிட வேண்டாம். செத்த பேட்டரிகூடச் சும்மா இருக்கும்போது 12.5 காட்டும், பல்பைப் போட்டவுடன் 10க்குச் சரியும். புழுத்த பருப்பு மூட்டை மேலே பளபளப்பாக இருப்பது போலத்தான். கையை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நம் ஊர் வெயில் பேட்டரிக்கு ஆகாது. இந்தப் பேட்டரிகளின் ஆயுளைக் கம்பெனிகள் பெரும்பாலும் 25 டிகிரி வெப்பத்தைக் கணக்கில் வைத்துச் சொல்கின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. விருதுநகர் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மேஜைக்கு அடியில், சாக்கு மூடிய பெட்டிக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டு வைத்தால் அதுவே பெரிய உபகாரம்.

விடாமல் கூவுகிறது

நிதானமாக, சில விநாடிக்கு ஒருமுறை கூவினால் பேட்டரியில் ஓடுகிறது என்று பொருள். வேகமாகக் கூவினால் பேட்டரி தீரப்போகிறது. நிறுத்தாமல் ஒரே நீளமாக அலறினால் பெரும்பாலும் லோடு அதிகம், அல்லது உள்ளே பழுது. கம்பெனிக்குக் கம்பெனி இது சற்று மாறும். கூடவே கொடுத்த புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

லோடு அதிகமாவது எப்படி? வாங்கிய அன்று கம்ப்யூட்டர் மட்டும்தான் இருக்கும். பிறகு மோடம் வரும். பிறகு சி.சி.டி.வி. பெட்டியும் நாலு கேமராவும் வரும். மொபைல் சார்ஜர் இரண்டு. கரண்ட் போனால் புழுக்கமாக இருக்கிறது என்று ஒரு சின்ன டேபிள் ஃபேன். தீபாவளிக்குச் சாமி படத்துக்குச் சீரியல் பல்பு. எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, அந்த பாக்ஸ் யு.பி.எஸ்.ஸில் போய் நிற்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொடர்ந்துகொண்டே போய் அடியிலிருந்து மேல்வரை என்னென்ன செருகியிருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.

இரண்டை மட்டும் எக்காரணம் கொண்டும் யு.பி.எஸ்.ஸில் செருகாதீர்கள். ஒன்று லேசர் பிரிண்டர். தாளைச் சூடாக்கும் உருளை அதில் இருக்கிறது. அச்சடிக்கும் நேரத்தில் பல நூறு வாட் இழுக்கும், 600 வி.ஏ. பெட்டி அந்த நொடியே அணையும், அல்லது உள்ளே ஏதாவது கருகும். பில் போடும் தெர்மல் பிரிண்டரும் பழைய டாட் மேட்ரிக்ஸும் பரவாயில்லை. இன்னொன்று ஃப்ரீசர், ஃப்ரிட்ஜ், மிக்ஸி போன்ற மோட்டார் உள்ள சாமான்கள். ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டைக் கிளம்பும் அந்த நொடியில் இழுக்கும். இவற்றை நேரே சுவர் பிளக்கில் மாட்டுங்கள்.

லோடு அதிகமாகி அணைந்த யு.பி.எஸ். பிறகு எதைச் செய்தாலும் ஏறவில்லை என்றால், பின்பக்கம் பாருங்கள். சிலவற்றில் சிறிய கருப்புப் பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். உள்ளே அழுத்தினால் சரியாகிவிடும். சிலவற்றில் பிளக் இறங்கும் இடத்திலேயே ஒரு சின்ன டிராயரில் ஃபியூஸ் இருக்கும். பக்கத்திலேயே ஸ்பேர் ஃபியூஸ் ஒன்றும் வைத்திருப்பார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, அதே ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். கம்பி சுற்றிப் போடும் வேலை வேண்டாம்.

டக் டக் என்று தட்டுகிறது

சாயங்காலம் தெருவில் எல்லாக் கடையிலும் விளக்கு ஏறியதும் வோல்டேஜ் இறங்கும். யு.பி.எஸ். அதைச் சரிக்கட்ட உள்ளே ரிலேயை மாற்றும். அந்தச் சத்தம்தான் டக் டக். எப்போதாவது வந்தால் கவலை வேண்டாம். கரண்ட் இருக்கும்போதே நிமிடத்துக்கு நாலு தடவை பேட்டரிக்குத் தாவித் தாவி வந்தால், யு.பி.எஸ். தாங்கும் எல்லைக்கு வெளியே வோல்டேஜ் ஆடுகிறது. அல்லது சுவர் பிளக், மெயின், மீட்டர் பக்கம் எங்கோ ஒயர் தளர்ந்து தீப்பொறி விடுகிறது. பக்கத்துக் கடையிலும் அப்படி என்றால் மின்வாரியத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். உங்கள் கடையில் மட்டும் என்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தளர்ந்த ஒயர் யு.பி.எஸ். பிரச்சினையோடு நிற்காது, சணல் சாக்கும் எண்ணெய் டின்னும் உள்ள கடை நம்முடையது.

மண்டிகளில் ஜெனரேட்டர் ஓடும்போது யு.பி.எஸ். ஏற்றுக்கொள்ள மறுத்துக் கூவிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜெனரேட்டரின் வேகம் நிலையாக இல்லாவிட்டால் அதன் கரண்டும் 50 ஹெர்ட்ஸில் நிற்காது, யு.பி.எஸ். அதைக் கெட்ட கரண்ட் என்று தள்ளிவிடும். கிளப்பியவுடன் மாற்றாமல் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு மாற்றிப் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் ஜெனரேட்டர் மெக்கானிக் கவர்னரைச் சரிசெய்ய வேண்டும். பழுது யு.பி.எஸ்.ஸில் இல்லை.

2008இல் தொடங்கி 2012இல் உச்சத்துக்குப் போன மின்வெட்டுக் காலத்தில் நம்மில் பலர் இன்வெர்ட்டர் வாங்கினோம். அந்த இன்வெர்ட்டரிலேயே கம்ப்யூட்டர் ஓடவில்லையே, கரண்ட் போகும்போது அணைந்து ஏறுகிறதே என்று கேட்கிறார்கள். பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை யு.பி.எஸ். பக்கம் தள்ளினால் மாறும் வேகம் கூடும். கம்ப்யூட்டர் அணையாது. ஆனால் வோல்டேஜ் ஆடும் இடத்தில் அடிக்கடி பேட்டரிக்கு மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது

கம்ப்யூட்டர் பெட்டியையோ தராசுத் தட்டையோ தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கிறது, தராசில் எண் நிற்காமல் ஆடுகிறது, மோடம் அடிக்கடி விட்டுவிட்டு வருகிறது என்றால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். மூன்று முள் பிளக்கில் மேல் முள் எர்த். எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பார்க்கச் சொல்லுங்கள். 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 10, 20 என்று காட்டினால் எர்த் வேலை செய்யவில்லை. பழைய கட்டடங்களில் பின்புறம் எங்கோ எர்த் குழி இருக்கும். கோடையில் காய்ந்து போயிருக்கும். சிலவற்றின் மேல் சிமென்ட் தளமே போட்டிருப்பார்கள். தண்ணீர் விட்டுப் பாருங்கள். வாடகைக் கட்டடம் என்றால் உரிமையாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எர்த் இல்லாத கடையில் சில அவசர எலக்ட்ரீஷியன்கள் பிளக் போர்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டுப் போகிறார்கள். மீட்டரில் பார்த்தால் எல்லாம் சரி என்று காட்டும். என்றாவது ஒரு நாள் நியூட்ரல் ஒயர் அறுந்தால், கம்ப்யூட்டர் பெட்டி, தராசு, ஃப்ரீசர் கதவு அத்தனையிலும் 230 வோல்ட் நிற்கும். கடைப் பையன் ஈரக் கையோடு ஃப்ரீசரைத் திறப்பான். இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கே போர்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

மளிகைக் கடைக்கே உரிய தொல்லைகள்

மிளகாய்த் தூள், மாவு, உப்பு மூன்றும் யு.பி.எஸ்.ஸுக்கு எதிரி. பொடி உள்ளே படிந்து காற்று போகும் துளையை அடைக்கும். உப்பு ஈரத்தை இழுத்துச் செம்பை அரிக்கும். உப்பு மூட்டை அடுக்கும் பக்கம் யு.பி.எஸ். வேண்டாம். கரப்பானும் பல்லியும் சூட்டுக்காகவே உள்ளே போய்க் குடியிருக்கும். பல்லி போர்டின் குறுக்கே விழுந்து கருகினால் போர்டு உண்மையிலேயே போய்விடும். எலி ஒயரைக் கடிப்பது நமக்குத் தெரிந்ததே. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பலகை அடித்து வைத்தால் பாதித் தொல்லை குறையும். கடை கழுவும்போது தண்ணீரும் போகாது.

அந்தப் பலகைக்கு மேலேயோ கீழேயோ சாமி விளக்கும் ஊதுவத்தியும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வெளிவரலாம். தண்ணீர் ஊற்றும் இன்வெர்ட்டர் பேட்டரியில் இது அதிகம். கடையில் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது, ஆனால் முட்டைத் தட்டில் அழுகியது எதுவும் இல்லை என்றால் யு.பி.எஸ். பக்கம் போய்ப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தாலும், பெட்டி கை வைக்க முடியாமல் சுட்டாலும், தீப்பெட்டி கிழிக்காமல், கரண்டை அணைத்து, ஷட்டரைத் திறந்து காற்று விட்டு, ஆறிய பிறகு வெளியே எடுங்கள். அந்தப் பேட்டரியை மறுபடி சார்ஜ் போடக் கூடாது.

எலக்ட்ரானிக் தராசுக்குள்ளும் இதே வகைச் சின்ன பேட்டரிதான் இருக்கிறது. அதையும் ராத்திரி அணைக்காமல் விட்டால் வற்றிச் சாகும். ஆனால் தராசை நீங்களாகத் திறக்க வேண்டாம். முத்திரை உடைந்தால் எடையளவுத் துறை ஆய்வில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். லைசென்ஸ் உள்ள தராசு மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பேட்டரி மாற்றும்போது

யு.பி.எஸ். பேட்டரியைக் கைப்பழக்கம் உள்ள எவரும் மாற்றலாம். பிளக்கைக் கழற்றி, பொத்தானையும் அணைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். திறந்தாலும் போர்டின் மேல் கை வைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்குக் கரண்ட் தங்கியிருக்கும். கையில் உள்ள மோதிரம், பிரேஸ்லெட்டைக் கழற்றி வையுங்கள். 12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். இரண்டு முனைக்கும் நடுவில் தங்கம் பட்டால் சிவக்கச் சுட்டு விரலோடு ஒட்டிக்கொள்ளும். சிவப்பு ஒயர் கூட்டல் முனைக்கு, கருப்பு கழித்தல் முனைக்கு. மாற்றிக் கொடுத்தால் ஃபியூஸும் போர்டும் அந்த நொடியே போகும்.

1000 வி.ஏ. பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு பேட்டரி இருக்கும். ஒன்று நன்றாக இருக்கிறதே என்று மற்றதை மட்டும் மாற்றுவது சிக்கனம் போலத் தெரியும். பழையது புதியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். சீல்டு பேட்டரியின் மூடியைப் பெயர்த்து டிஸ்டில்டு வாட்டர் விடும் வித்தை சிலருக்குத் தெரியும். அதை நம்ப வேண்டாம்.

வாங்கும்போது தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். கடையில் ஓராண்டு சார்ஜ் இல்லாமல் தூங்கிய பேட்டரி புதிது அல்ல. மாட்டும் தேதியை அதன் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். பில்லைக் கடைப் பெயரிலும் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணிலும் போடச் சொல்லுங்கள். கடைக்காக வாங்கும் பேட்டரிக்குக் கட்டிய வரியை வரவு எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. பேட்டரிக் கழிவுக்கென்று 2022இல் மத்திய அரசு விதிகளே கொண்டுவந்திருக்கிறது. உள்ளே பெரும்பகுதி ஈயம். அதற்கு விலை உண்டு. பேட்டரி கடைக்காரரிடமே கொடுத்துப் புதியதன் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 7 ஆம்பியர் பேட்டரி ஒன்று 2 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். கொண்டுபோவதற்கு முன் நம் தராசிலேயே ஒரு தடவை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.